யார் பெயரில் வீடு, யார் கணக்கில் சாமான்

2019 மார்ச்சில் ஊழியர் சேமநிதி வாரியமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூக நல்வாழ்வு ஆய்வு மையமும் சேர்ந்து ‘பெலாஞ்சாவான்கு’ என்ற செலவு வழிகாட்டியை வெளியிட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓரளவு மரியாதையோடு வாழ மாதம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு அதில் விடை இருந்தது. பொதுப் போக்குவரத்தில் போகும் தனி ஆளுக்கு 1,870 ரிங்கிட். கார் வைத்திருக்கும் தனி ஆளுக்கு 2,490. பிள்ளையில்லாத தம்பதிக்கு 4,420. ஒரு பிள்ளை இருந்தால் 5,730, இரண்டு இருந்தால் 6,620. அதன் பிறகு விலைவாசி ஏறி, வழிகாட்டியும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த முதல் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சில வேடிக்கைகள் தெரிகின்றன.

கார் வைத்திருக்கும் இரண்டு பேர் தனித்தனியே வாழ்ந்தால் 4,980 ரிங்கிட். சேர்ந்து வாழ்ந்தால் 4,420. மாதம் 560 மிச்சம். எல்ஆர்டி ரயிலில் போகும் இரண்டு பேர் தனித்தனியே வாழ்ந்தால் 3,740தான். அவர்கள் தம்பதியாகி 4,420க்குள் நுழைந்தால் 680 ரிங்கிட் கூடுதலாகிறது. ஒரே அடுப்பு எரிந்தால் சிக்கனம் என்று பெரியவர்கள் சொல்வது, கார் உள்ள மாப்பிள்ளைக்கும் கார் உள்ள பெண்ணுக்கும் மட்டும் பொருந்துகிற பேச்சு போலிருக்கிறது.

ஆனால் அந்த 4,420 ரிங்கிட்டில் யார் எவ்வளவு போடுவது? வீட்டு வாசலுக்குள் எந்த வழிகாட்டியும் நுழைவதில்லை. அது வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது என்று விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளோ அது பேசப்படுவதே இல்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கின் அம்பாங்கில் இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வந்து நிற்கிறது. 1996 டிசம்பரில் எல்ஆர்டி ஓடத் தொடங்கியபின் பண்டான் ஜெயா, பண்டான் இண்டா, செம்பாக்கா நிலையங்களை ஒட்டிய அடுக்குமாடிகளில் இருந்து காலையில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குக் கிளம்புவது சாதாரணக் காட்சி. மாதம் 50 ரிங்கிட் பயண அட்டை அவருக்கும் அதே விலை, அவளுக்கும் அதே விலை. வீட்டில் சரிபாதியாகப் பிரியும் செலவு அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். வாடகை, தெனாகா மின்கட்டணம், தண்ணீர், யூனிஃபை இணையம், சாமான், காரின் தவணை, படித்த காலத்தில் வாங்கிய பிடிபிடிஎன் கடன், பாசார் மாலாமில் கையில் இருந்த நோட்டைக் கொடுத்து வாங்கிய பழம் என்று மற்றதெல்லாம் பிரிய மறுக்கும் செலவுகள்.

இதில் தமிழ் வீட்டுக்கே உரிய ஒன்றும் உண்டு. அவர் தம் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் அனுப்பும் 300 வெள்ளி ‘வீட்டுச் செலவு’ என்ற தலைப்பில் வந்துவிடும். அவள் கிள்ளானில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பும் 300 வெள்ளி ‘உன் சொந்தச் செலவு’ ஆகிவிடும். இதை யாரும் கூடி முடிவெடுப்பதில்லை. கல்யாணமான முதல் மாதத்திலேயே அது அப்படி அமைந்துவிடுகிறது. செலவுப் பங்கீட்டில் நியாயம் பேசும் எந்த ஜோடியும் இந்த இரண்டு 300 வெள்ளிகளையும் முதலில் ஒரே தலைப்புக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜேன் பால் 1989இல் பணத்தையும் திருமணத்தையும் பற்றி ஒரு நூல் எழுதினார். குடும்பங்கள் பணத்தைக் கையாளும் விதங்களை அவர் வகை பிரித்தார். முழுச் சம்பளமும் ஒருவர் கைக்குப் போவது ஒரு விதம். கணவர் ஒரு தொகையை மட்டும் வீட்டுச் செலவுக்கென்று எண்ணிக் கொடுப்பது இன்னொன்று. இருவர் பணமும் ஒரே கணக்கில் கலப்பதும், அவரவர் பணம் அவரவரிடமே இருப்பதும் மற்ற விதங்கள். வகைகளைவிட அவர் பிரித்துக் காட்டிய இன்னொரு விஷயம் முக்கியமானது. பணத்தை நிர்வகிப்பது வேறு, பணத்தின் மேல் அதிகாரம் இருப்பது வேறு. கையில் பணம் குறைவாக இருக்கும் வீட்டில் நிர்வாகம் மனைவியிடம் வருகிறது. அப்போது அது அதிகாரமாக இருப்பதில்லை, சுமையாகத்தான் இருக்கிறது. ‘எங்க வீட்ல எல்லாம் அவங்க கையிலதான்’ என்று பெருமையாகச் சொல்லும் கணவன்மார்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இளைய தலைமுறை பெரும்பாலும் சரிபாதியைத்தான் நியாயம் என்று நினைக்கிறது. ஒரு கற்பனைக் கணக்கு வைத்துப் பார்க்கலாம். பண்டான் இண்டாவில் ஒரு ஜோடி. அவர் கைக்கு வருவது 5,500 ரிங்கிட், அவள் கைக்கு வருவது 3,300. வீட்டுச் செலவு 4,400. ஆளுக்கு 2,200 என்று பிரித்தால் மாதக் கடைசியில் அவரிடம் 3,300 நிற்கும், அவளிடம் 1,100. சம்பள விகிதப்படி, அதாவது ஐந்துக்கு மூன்று என்று பிரித்தால் அவர் 2,750 தருவார், அவள் 1,650. மிஞ்சுவதும் அதே 2,750, 1,650தான். முதல் முறையில் அவரிடம் மிஞ்சுவது அவளிடம் மிஞ்சுவதைப்போல் மூன்று மடங்கு. இரண்டாவதில் சம்பளத்தில் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும், வீடு அதைப் பெரிதாக்குவதில்லை. இவ்வளவு கணக்கு தெரிந்தால் விகிதப்படிப் பிரிப்பதே மேல் என்று யாருக்கும் புரியும். பேச்சு இங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடிவதில்லை. ஏனென்றால் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் போலவே எதற்குக் கொடுக்கிறோம் என்பதும் கேள்வி.

‘வீட்டுக்கும் காருக்கும் நான் கட்டிடறேன், நீ சாமான், பில்லு, பிள்ளை செலவு பாத்துக்கோ.’ கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வீடுகளில் மிகச் சாதாரணமாகக் காதில் விழும் வாக்கியம் இது. சொல்பவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சில நேரம் தாராளம்கூட இருக்கிறது, ஏனென்றால் வீட்டுத் தவணைதான் பெரிய தொகை. ஆனால் பத்தாண்டு கழித்து என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். அவர் கட்டிய பணம் சுவராக, கூரையாக, அவர் பெயரில் உள்ள பத்திரமாக நிற்கிறது. அவள் மாதம் 1,650 வீதம் போட்டது பத்தாண்டில் 198,000 ரிங்கிட். அது அரிசியாக, பாலாக, மின்சாரமாக, பள்ளிச் சீருடையாகக் கரைந்துவிட்டது. ரசீதுகூட இருக்காது. இருவரும் விகிதப்படி, நியாயமாக, சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட ஒரு வீட்டில், ஒருவர் சொத்துக்காரராகவும் மற்றவர் வெறுங்கையராகவும் ஆகியிருக்கிறார்கள். நிற்கிற செலவை யார் செய்கிறார், கரைகிற செலவை யார் செய்கிறார் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. எந்த விகிதமும் அதைத் தானாகச் சரிசெய்துவிடாது.

மலேசியச் சட்டம் இதைப் புரிந்துகொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 76ஆவது பிரிவு மணவிலக்கின்போது சொத்தைப் பிரிப்பது பற்றியது. இருவர் கூட்டு உழைப்பில் வந்த சொத்து என்றால் சமமாகப் பிரிக்கும் சாய்வு நீதிமன்றத்துக்கு இருக்க வேண்டும். ஒருவரின் தனி உழைப்பில் வந்தது என்றால், அதைச் சம்பாதித்தவருக்குக் கூடுதல் பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாமான் வாங்கிப்போட்டு, பிள்ளைக்குச் சோறூட்டி, அதனாலேயே மற்றவர் தவணை கட்ட முடிந்த ஒரு வீட்டில், ‘தனி உழைப்பு’ என்று ஒன்று உண்டா?

2017இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. அப்போது நாடு முழுக்கப் பேசியது ஒருதலைப்பட்ச மதமாற்றத்தைப் பற்றித்தான். மதமாற்றத்தைத் தொட்ட பிரிவு கடைசியில் கைவிடப்பட்டதும் பெரும் செய்தியானது. அந்த இரைச்சலில் 76ஆவது பிரிவில் நடந்த மாற்றத்தைக் கவனித்தவர்கள் குறைவு. 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ள புதிய வடிவில், கூட்டு உழைப்பு, தனி உழைப்பு என்ற பிரிவினை போய்விட்டது. பணமாகவோ பொருளாகவோ வேலையாகவோ சொத்துக்காகச் செய்த பங்களிப்போடு, குடும்ப நலனுக்காகச் செலவுகளைக் கட்டியதும் கணக்கில் வருகிறது. வீட்டைப் பார்த்துக்கொண்டதும் குடும்பத்தைப் பராமரித்ததும் வருகின்றன. இருவர் நன்மைக்காக வாங்கிய கடன், பிள்ளைகளின் தேவை, எத்தனை ஆண்டு சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதையெல்லாம் பார்த்துவிட்டு நீதிமன்றம் சமப் பங்கீட்டின் பக்கம் சாய வேண்டும். கரைந்துபோன தெனாகா பில்லுக்குச் சட்டத்தில் ஒரு வரி கிடைத்திருக்கிறது. மலேசியத் தமிழ்ப் பெண்களுக்கு இந்த நூற்றாண்டில் கிடைத்த பெரிய சட்ட உதவிகளில் ஒன்று இது. இதைப் பற்றி ஒரு கோயில் மண்டபத்தில்கூட யாரும் பேசியதாகத் தெரியவில்லை என்பது நம் சங்கங்களின் லட்சணம்.

தமிழ்நாட்டில் இதே கேள்வி 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தது. கணவர் சவூதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்ப, மனைவி ஊரில் குடும்பத்தை நடத்தினார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருடையது என்பதே வழக்கு. வீட்டு வேலையால் மனைவியும் அந்தச் சொத்துக்குப் பங்களித்திருக்கிறார், அவருக்குச் சம உரிமை உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். இல்லத்தரசி ஓய்வில்லாமல் சமையற்காரராக, மருத்துவராக, பொருளாதார நிபுணராக வேலை செய்கிறார் என்ற விதமாகத் தீர்ப்பு பேசியது. அங்கே ஒரு நீதிபதி தம் தீர்ப்பில் சொன்னதை இங்கே சட்டமே ஐந்தாண்டு முன்பு சொல்லிவிட்டது.

சொல்லப்போனால் நம் பக்கத்து வீட்டில் இந்த எண்ணம் இன்னும் பழையது. மலாய் வழக்கத்தில் ‘ஹார்த்தா செபென்சாரியான்’ என்று ஒன்று இருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்து தேடிய சொத்தில் இருவருக்கும் பங்கு உண்டு என்ற கிராமத்து வழக்கம் அது. வயலில் அவள் நாற்று நட்டிருக்கிறாள், அதனால் அவளுக்குப் பங்கு. இன்றைக்கு அது சிலாங்கூரின் 2003ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்திலும் இருக்கிறது. அம்பாங்கில் வாழும் தமிழ் முஸ்லிம் தம்பதிக்கும் அதுவே பொருந்தும். அவர்கள் சட்டத்தில் வீட்டுச் செலவு கணவனின் கடமை. மனைவி போடுவது அவள் விருப்பம். ஆனால் பண்டான் ஜெயாவில் இரண்டு சம்பளம் இல்லாமல் ஓடும் வீடு எந்த மதத்திலும் அரிதாகிவிட்டதால், கடமை ஒரு பக்கம் இருக்க, சாமான் பில் அங்கேயும் பெரும்பாலும் அவள் கார்டில்தான் போகிறது.

‘அந்தக் காலத்தில் ஆம்பளை சம்பாதிச்சான், பொம்பளை வீட்டப் பாத்தா, பிரச்சினையே இல்லை’ என்று சொல்லும் பெரியவர்களை எல்லாக் கல்யாண வீட்டிலும் பார்க்கலாம். மலேசியத் தமிழர் வரலாற்றில் அப்படியொரு காலம் பெரும்பான்மையோருக்கு இருந்ததே இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் இருவர் பெயரும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்தது. விடியும் முன் இருவரும் பால்மரக் காட்டுக்குப் போனார்கள். 1920களின் இறுதியில் இந்தியக் குடிவரவுக் குழு நிர்ணயித்த கூலி, சிலாங்கூர் போன்ற எளிதில் போகக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதாவது நம் பாட்டிகள் வீட்டு வருமானத்தில் ஒன்பதில் நான்கு பங்கைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு வங்கியில் வேலை பார்க்கும் பல பேத்திகள் கொண்டுவரும் விகிதத்துக்கு அது குறைந்ததல்ல. அதற்கு மேல் தண்ணீர் சுமப்பதும் சமைப்பதும் லயத்து வாசலைக் கூட்டுவதும் அவர்கள் வேலை.

ஆண் கூலியில் ஒரு பகுதி தோட்டத்துக் கள்ளுக்கடையில் இறங்கியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தது. போருக்குப்பின் 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டது. வரலாற்று நூல்களில் இவை தொழிலாளர் எழுச்சி, சமூகச் சீர்திருத்தம் என்ற தலைப்புகளில் வருகின்றன. அவற்றைக் குடும்பச் செலவுப் பங்கீட்டின் வரலாறாகவும் படிக்கலாம். 50 காசில் எவ்வளவு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது என்பதுதான் அந்தச் சண்டையின் ஒரு பாதி. வேலைநிறுத்தத்தை அடக்கத் துப்பாக்கியோடு வந்த படைக்கு முன்னால் நின்றவர்கள் அந்தக் கேள்வியையும் கையில் வைத்திருந்தார்கள்.

கரைகிற செலவு தம் தலையில் விழுகிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் கூட்டுச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு எடுத்த பணத்தில் நகை வாங்கினார்கள். நகை அவர்கள் உடம்பில் இருந்தது, கரையாமல் நின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தது. ‘கூட்டு’ நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. ஏமாற்றுக்காரர்களிடம் பணத்தை இழந்தவர்களை நினைத்தால் தடையில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெண்கள் தம் பெயரில் பணத்தை நிற்க வைக்க அறிந்திருந்த சில வழிகளில் அதுவும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

யார் கையில் பணம் இருக்கிறது என்பதால் வாங்கப்படும் பொருளே மாறிவிடும். பிரிட்டனில் 1970களின் இறுதியில், பிள்ளைகளுக்கான சலுகை தந்தையின் வரிக்கழிவாக இருந்த நிலை மாறி, தாயின் கைக்குப் பணமாகப் போகத் தொடங்கியது. குடும்பத்தின் மொத்த வரவு பெரிதாக மாறவில்லை, போய்ச் சேரும் கைதான் மாறியது. பொருளியலாளர்கள் ஷெல்லி லண்ட்பெர்க், ராபர்ட் போலாக், டெரன்ஸ் வேல்ஸ் மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்குப்பின் ஆண்களின் துணிச் செலவோடு ஒப்பிட்டால் பெண்களின் துணிக்கும் பிள்ளைகளின் துணிக்குமான செலவு கூடியது. குடும்பம் என்பது ஒரே பை, அதில் யார் போட்டாலும் ஒன்றுதான் என்ற எண்ணத்துக்கு அது பலத்த அடி. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்குக்கே போவதும் இந்த அறிவால்தான் பொருள் பெறுகிறது.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்தபோது தமிழ்க் குடும்பம் ஒன்றை இழந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் எழுதியதில்லை. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. அதன் தரம் எப்படி இருந்தாலும், தாய் பால் வெட்டப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு தோட்ட நிர்வாகத்துடையது. அம்பாங் அடுக்குமாடிக்கு வந்ததும் அது வீட்டுச் செலவாயிற்று. மறுபடியும் பெலாஞ்சாவான்குவின் 2019 பட்டியலைப் பார்த்தால், பிள்ளையில்லாத தம்பதிக்கும் ஒரு பிள்ளை உள்ள தம்பதிக்கும் இடையே 1,310 ரிங்கிட் வித்தியாசம். இரண்டாவது பிள்ளைக்கோ 890தான் கூடுகிறது. அதுவரை இரண்டு சம்பளக்காரர்களாக இருந்தவர்கள் கணவன், மனைவி என்று பழைய வேஷத்துக்குத் திரும்புவது அந்த முதல் பிள்ளையின் வரவில்தான்.

நாட்டின் சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது. 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தைக்கு 7 நாள் விடுப்பு வந்தது. இரண்டும் முன்னேற்றம்தான். ஆனால் 98க்கும் 7க்கும் இடையில் இருக்கும் 91 நாளில், பிள்ளைக்கு ஊசி போடும் தேதி யாருக்கு நினைவிருக்க வேண்டும், நர்சரிக்காரர் அழைத்தால் யார் அலுவலகத்தை விட்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் நிலைபெற்றுவிடுகிறது.

கசானா ஆய்வுக் கழகம் கோலாலம்பூர் வட்டாரத்தில் நடத்தி 2019இல் வெளியிட்ட நேரப் பயன்பாட்டு ஆய்வு சிறியதுதான், 125 பேர். ஆனால் அதன் முடிவு இந்த ஊர்க்காரர்களைப் பற்றியது. சம்பள வேலையில் ஆண்கள் நாளுக்கு 6.9 மணி நேரம், பெண்கள் 6.6. ஏறத்தாழச் சமம். சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலையில் ஆண்கள் 2.2 மணி, பெண்கள் 3.6. நாளுக்கு 1.4 மணி நேரம் என்பது மாதத்துக்கு 42 மணி நேரம். ஒரு வார வேலைக்கு நெருக்கமான அளவு. செலவை விகிதப்படிப் பிரிக்கும் ஜோடி இந்த 42 மணி நேரத்தை எந்த வரியில் எழுதுவது என்று யோசித்திருக்குமா? ‘நான் அதிகம் கொடுக்கிறேன், நீ அதிகம் செய்கிறாய், சரியாப்போச்சு’ என்பார்கள் சிலர். அதில் ஓட்டை இருக்கிறது. அவள் சம்பளம் குறைந்திருப்பதற்கே அந்த 42 மணி நேரம் ஒரு காரணமாக இருக்கலாம். அப்படியானால் ஒரே இழப்பை அவள் இரண்டு முறை கட்டுகிறாள்.

வருமான வரி நேரத்தில் இன்னொரு நுணுக்கம் வரும். மனைவியின் வருமானம் 1991 முதல் இங்கே தனியாகவே மதிப்பிடப்படுகிறது. அதற்கு முன் அது பொதுவாகக் கணவரின் வருமானத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டப்படி இப்போது அவள் தனி ஆள். ஆனால் பிள்ளையின் நர்சரிக் கட்டணத்துக்கான வரிக்கழிவு, ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை, இருவரில் ஒருவருக்குத்தான். யார் வரி விகிதம் அதிகமோ அவர் கோருவதே குடும்பத்துக்கு லாபம் என்பதால் பெரும்பாலும் கணவர் கோருகிறார். மாதாமாதம் நர்சரிக்குக் கட்டியவள் அவள். திரும்பி வரும் பணம் போய் விழுவது அவர் கணக்கில். தொகை சிறியதுதான். ஆனால் கரைவதும் நிற்பதும் எவ்வளவு அமைதியாக இடம் மாறுகின்றன என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் கிடைப்பது கடினம்.

வேலையை விட்டுவிட்டால் இழப்பு இன்னும் ஆழம். சம்பளம் நிற்கும்போது சேமநிதியும் நிற்கிறது. அவள் கட்டும் 11 விழுக்காடும் முதலாளி கட்டும் 12 அல்லது 13 விழுக்காடும் சேர்ந்து நிற்கின்றன. பிள்ளை பள்ளிக்குப் போகும்வரை ஆறாண்டு வீட்டில் இருந்த பெண்ணின் கணக்கில் ஆறாண்டு ஓட்டை. அவர் கணக்கில் அந்த ஆறாண்டும் முழுசாக இருக்கும், ஈவுத்தொகையோடு. இருவரும் சேர்ந்து எடுத்த முடிவின் விலையை ஒருவருடைய முதுமை கட்டுகிறது.

இதுவரை சொன்னது பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு. சேர்ந்து மட்டும் வாழ்பவர்களுக்கு நிலைமை கடுமை. முஸ்லிம் அல்லாத இருவர் மணமாகாமல் ஒரே வீட்டில் வாழ்வது இங்கே குற்றமில்லை. ஆனால் 76ஆவது பிரிவு அவர்களைத் தொடாது. ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டத்தில் கணவன் அல்லது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடமுண்டு, கூட வாழ்ந்தவருக்கு இல்லை. பத்தாண்டு சாமான் வாங்கிப்போட்டதற்கு எந்த மதிப்பும் கிடைக்காது. வீட்டுக்குப் பணம் போட்டதை வங்கி அறிக்கையோடு காட்டினால்தான் பேச்சே தொடங்கும். கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, ‘ரிஜிஸ்டர் பிறகு பண்ணிக்கலாம்’ என்று தள்ளிப்போடுபவர்களும் இந்தச் சிக்கலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். ஊருக்கு அவர்கள் கணவன் மனைவி. நீதிமன்றத்தில் அதை நிரூபிக்கவே ஒரு வழக்கு நடத்த வேண்டிவரலாம். இதற்கு நேர்மாறாக, வீட்டுக்கடனுக்காக முதலில் பதிவு செய்துவிட்டு, ஓராண்டு கழித்து மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடத்தும் ஜோடிகளும் பெருகிவிட்டார்கள். அவர்களைக் கேலி செய்யும் பெரியவர்களைவிட அவர்களுக்கு விவரம் அதிகம்.

கூட்டாக வீட்டுக்கடன் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இருவர் கையெழுத்துப் போட்டால் கடன் பாதிப் பாதியாகப் பிரிவதில்லை. ஒருவர் கைவிட்டால் வங்கி முழுத் தொகையையும் மற்றவரிடம் கேட்கலாம். ஆகவே கடன் பத்திரத்தில் பெயர் இருந்து, வீட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான நிலை. சம்பளத்தைக் காட்டிக் கடன் அளவைக் கூட்டுவதற்காகப் பெயர் சேர்க்கப்பட்ட மனைவி, காதலி, சில வீடுகளில் தங்கை, எல்லாரும் இதில் வருவார்கள்.

இவ்வளவும் நம்பிக்கையில்லாதவர்களின் கணக்கு, அன்பிருக்கும் இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று ஒரு குரல் வரும். அன்பிருக்கும்போதுதான் இதைப் பேச முடியும். சண்டை வந்தபின் பேசுவது வழக்கறிஞர்களின் வேலை, அதற்கும் பில் வரும். விகிதப்படிப் பிரியுங்கள், அது எளிது. அதற்கு மேல், நிற்கிற செலவிலும் கரைகிற செலவிலும் இருவரும் கை வையுங்கள். அவர் சாமானுக்கும் கொடுக்கட்டும், அவள் தவணைக்கும் கட்டட்டும், பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். அவள் வேலையை விட்டால் அவளுடைய சேமநிதியை வீட்டுச் செலவுப் பட்டியலில் ஒரு வரியாக எழுதுங்கள். கணவர் தம் 11 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காட்டை மனைவியின் கணக்குக்கு மாற்ற சேமநிதி வாரியத்தின் ‘ஐ-சாயாங்’ திட்டம் வழிவிடுகிறது. 6,000 ரிங்கிட் சம்பளத்தில் அது மாதம் 120 ரிங்கிட். மாதச் செலவில் ஒரு காசுகூட ஏறாது, ஏனென்றால் அது ஏற்கெனவே பிடிக்கப்படும் பணம். விண்ணப்பிக்க வேண்டியவர் கணவர்.

சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் இல்லத்தரசிகளுக்கான திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. 55 வயதுக்குட்பட்ட, வேலைக்குப் போகிற மனைவிகளும் அதில் சேரலாம். வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்கும் உடல் செயலிழப்புக்கும் அது காப்பு தருகிறது. சந்தா ஆண்டுக்கு 120 ரிங்கிட், அதாவது மாதம் 10 வெள்ளி. இந்த மாதத்துப் பட்டியலில் அதை எழுதிவிடுங்கள்.